ராஜாவை அடித்த ஒக்பூன்

கொரியா தேசத்து ராஜா ஒருத்தருக்கு உடுப்பு மேல அப்படி ஒரு பிரியம். அப்பா, தாத்தா, பூட்டன் போட்ட பட்டு அங்கியெல்லாம் தேடி எடுத்து, தன்னோட பட்டாபிஷேக அங்கியையும் சேர்த்து, கம்புல கை விரிச்ச மாதிரி மாட்டி ஒரு மண்டபமே வெச்சுட்டார். நம்ம கோயில் தூணுல யாளி நிக்கிற மாதிரி, அவங்க ராஜ உடுப்பு நெஞ்சுல தங்க டிராகன் நிக்கும். ராஜான்னா டிராகனுக்கு அஞ்சு நகம். பட்டத்து இளவரசன்னா நாலு. அதுல மட்டும் கறார்.

மண்டபத்தைப் பார்க்க ஊரே திரண்டு வந்துச்சு. வந்ததுல ஒருத்தன் தாத்தா அங்கியைப் பார்த்து, "அடேயப்பா, என்னா தொப்பை!"ன்னு சிரிச்சுட்டான்.

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அது துணி இல்லைடா! உடுப்புன்னா ராஜாவேதான். உடுப்புக்குச் செய்யறது ராஜாவுக்கே செஞ்ச மாதிரி!"

ராஜா பக்கத்துல எந்நேரமும் ரெண்டு எழுத்தர் உட்கார்ந்திருப்பாங்க. அவர் தும்மினாக்கூட எழுதிடுவாங்க. எழுதினதை அழிக்க ராஜாவுக்கே உரிமை கிடையாது. அன்னிக்குச் சொன்னதும் சட்டமாயிடுச்சு.

மழைக்காலம் போச்சு. மண்டபத்து அதிகாரி குவோன், மழைக்குப் பயந்து பெட்டியில பூட்டி வெச்சிருந்த ராஜாவோட பட்டாபிஷேக அங்கியை எடுத்து வண்ணாத்தி ஒக்பூன் கிட்டக் கொடுத்தார். அந்த ஊருல பட்டுக்குச் சுருக்கம் எடுக்கணும்னா, கல்லு மேல மடிச்சு வெச்சு ரெண்டு கட்டையால டொக்கு டொக்குன்னு அடிப்பாங்க. ஒக்பூனும் அடிச்சா. அடிச்சு முடிச்சுப் பிரிச்சவ, "ஐயா, இதைப் பாருங்க, அந்து அரிச்சிருக்கு"ன்னு எதையோ காட்டினா.

குவோனுக்கு வேர்த்துடுச்சு. இவ வாயைத் திறந்தா நம்ம கதை முடிஞ்சுதுன்னு, அன்னிக்கே அவளை இழுத்துட்டுப் போய்க் காவல்ல போட்டார்.

மறுநாள் சபையில குவோனே முந்திக்கிட்டார். "மகாராஜா! இந்தப் பொம்பளை உங்களைக் கல்லு மேல போட்டு, கட்டையால நாள் பூரா அடிச்சிருக்கா!"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடிச்சாத்தானே சுருக்கம் போகும், அது அவருக்கும் தெரியும். ஆனா எழுத்தர் ரெண்டு பேரும் தூரிகையை நனைச்சுட்டுக் காத்திருக்காங்க. ராஜாவை அடிச்சா மரண தண்டனை. ஒக்பூன் கட்டையைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறா.

"தால்சூ..."ன்னு ராஜா மெல்லக் கூப்பிட்டார். தால்சூ அவரோட ஆலோசகன். காலையிலயே காவல்ல இருந்த ஒக்பூன் கிட்டப் போய் எல்லாம் கேட்டுட்டு வந்திருந்தான்.

"சட்டம்னா சட்டம்தான் மகாராஜா. ஆனா இவ அடிச்சது ஒரு நாள். உங்களை நாலா மடிச்சு, பெட்டிக்குள்ள திணிச்சு, பூட்டுப் போட்டு, மூணு மாசம் இருட்டுல வெச்சிருந்தவர் ஒருத்தர் இருக்காரே! அவரை முதல்ல விசாரிக்க வேண்டாமா?"

"என்னைப் பூட்டினானா? யாருடா அவன்?"

"சாவி அவர் இடுப்புலதான் தொங்குது."

சபை முழுக்கக் குவோன் இடுப்பைப் பார்த்துச்சு. குவோன் சாவியைக் கையால பொத்திக்கிட்டார். "மழைக்குப் பாதுகாப்பா வெச்சேன் மகாராஜா!"

"நல்ல பாதுகாப்பு! ஒரு நாளாவது திறந்து வெயில் காட்டினீங்களா? அம்மா ஒக்பூன், அங்கியை விரி."

விரிச்சா. தால்சூ டிராகனோட கால்ல விரலை வெச்சு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." அஞ்சாவது நகம் இருந்த இடத்துல ஓட்டை. அது வழியா ஒக்பூன் முகம் தெரிஞ்சுது.

ராஜா துள்ளி எழுந்தார். "என் நகம் எங்கே?"

"அந்துப்பூச்சி தின்னுடுச்சு."

"இப்பவே தீர்ப்புச் சொல்றேன். கேளுங்க..."

"பொறுங்க," தால்சூ கையெடுத்துக் கும்பிட்டான். "உடுப்புன்னா ராஜாவேதான்னு நீங்க சொன்னது ஏட்டுல இருக்கு. இப்ப உடுப்புல நாலு நகம்தான். அதனால தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை, இளவரசே. அப்பாவைக் கேட்டுட்டு வாங்க. மூணாவது கம்புல கை விரிச்சுத் தொங்குறார்."

எழுத்தர் ரெண்டு பேரும் தூரிகையைக் கீழ போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. ராஜா முதல்ல முறைச்சார். அப்புறம் அடக்க முடியலை. சிரிச்ச சிரிப்புல தொப்பி உருண்டு எழுத்தர் மடியில விழுந்துச்சு.

சரின்னு அவரே மண்டபத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்தார். "அப்பா சொல்லிட்டார். உடுப்பு வெறும் துணிதானாம். எழுதிக்குங்கப்பா! குவோன் இனிமே தினமும் மண்டபத்துல அந்துப்பூச்சி பிடிக்கணுமாம். மண்டபத்துச் சாவி ஒக்பூனுக்காம்."

சாவியை வாங்கிட்டு ஒக்பூன் தரையில விழுந்து கும்பிட்டா. ராஜா குனிஞ்சு அவ காதுல மட்டும் சொன்னார்:

"நகத்தைத் தைச்சுக் கொடுத்துடும்மா. அப்புறம் என்னை இன்னும் ரெண்டு போடு போடு. முதுகுல சுருக்கம் போகவே இல்லை."