சவுண்டு தனிஸ்லாஸின் இடைவேளைப் பாட்டு

தூத்துக்குடி, கோவில்பட்டி வட்டாரத்தில் மேடைக் கச்சேரி நடத்துகிற யாரிடமாவது தனிஸ்லாஸ் பேரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான், "சவுண்டு நல்லாப் போடுவாரு" என்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. சவுண்டு மிக்சர் முன்னால் உட்கார்ந்தால் தவில் வேறு, தபலா வேறு என்று பிரித்துக் கேட்கிற காது அவருக்கு. வாயைத் திறந்தாரென்றால் அதில் எது நடந்தது, எது நடக்காதது என்று பிரிக்கத்தான் யாராலும் முடியாது.

கோவில்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆறரை மணிக்கு நிகழ்ச்சி. மூன்று மணிக்கே வந்து ஸ்பீக்கரெல்லாம் ஏற்றி, ஒயரெல்லாம் இழுத்துவிட்டு, மேடைக்கு எதிரே புது மிக்சரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் தனிஸ்லாஸ். அப்போது பெண்ணின் தாய்மாமன் கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கச்சேரிப் பொறுப்பு முழுக்க அவருடையது.

"தம்பி, பாடுறவங்க இடையில காப்பி குடிக்கப் போவாங்கல்லா. அந்தக் கால் மணி நேரம் என்ன ஓடும்?"

"போன்ல இருந்து பாட்டு ஓடும் அண்ணாச்சி. புளூடூத். ஒயரே கிடையாது. போன் என் சட்டைப் பையில இருக்கும், பாட்டு ஸ்பீக்கர்ல வரும்."

கோமதிநாயகத்தின் முகம் மாறியது. "ஒயர் இல்லாமலா? அது வேண்டாம் தம்பி. போன வருஷம் என் மகன் கல்யாணத்துல இப்படித்தான் ஒருத்தர் போட்டாரு. பாதியில பாட்டு நின்னு போச்சு. மண்டபமே கப்சிப். அந்த நேரம் பாத்து எங்க அத்தை, 'சாம்பார்ல உப்பே இல்ல'ன்னுது. சாதாரணமாத்தான் சொல்லுச்சு. ஆனா முந்நூறு பேர் காதுல விழுந்துட்டு. சமையல் சம்பந்தி வீட்டு ஏற்பாடு. இன்னைக்கு வரைக்கும் அவங்க எங்க வாசப்படி ஏறல. எங்க சொந்தத்துல பாட்டு நின்னா பேச்சு வரும். பேச்சு வந்தா சண்டை வரும்."

தனிஸ்லாஸ் மிக்சரைப் பார்த்தார். புளூடூத் வைத்த இந்த மிக்சரை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. வீட்டு வராந்தாவில் வைத்து நாலு பாட்டுப் போட்டுப் பார்த்ததோடு சரி. கூட்டத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை. அதை ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாய் பழக்கப்பட்ட பாதையில் போய்விட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஆள் தெரியாமப் பேசுறிய. உக்காருங்க."

டீயும் உளுந்த வடையும் வந்தன. கீபோர்டு வாசிக்கும் உமையொருபாகம் ஒரு வடையோடு வந்து உட்கார்ந்தார். அவரை எல்லோரும் பாகம் என்பார்கள். பாடகி ரெஜினாவும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எட்டு வருஷமாக தனிஸ்லாஸின் இந்தப் புளுகுக் கச்சேரியையும் சேர்த்துக் கேட்டு வருகிறவர்கள் அவர்கள்.

"காயல்பட்டினத்துல ஒரு வளைகாப்பு" என்று ஆரம்பித்தார் தனிஸ்லாஸ். "இடைவேளை விட்டாச்சு. போன்ல பாட்டைத் தட்டிவிட்டுட்டு, ஒரு வாழைப்பழம் வாங்கலாம்னு ரோட்டுக்கு வந்தேன். திருச்செந்தூர் பஸ் நின்னுச்சு. தெரிஞ்ச கண்டக்டர். 'ஏறுங்க, பேசிக்கிட்டே போவோம்'னாரு. ஏறிட்டேன். போன் பையில இருக்கது ஞாபகமே இல்ல. திருச்செந்தூர் போய் இறங்கி மண்டபத்துக்குப் பேசுறேன், பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு இடத்துலயும் நிக்கல."

"முப்பது அடிதான் போகும்னு டப்பாவுல போட்டிருக்கு வே" என்றார் பாகம்.

"அது டப்பா எழுதினவனுக்கு. வீரபாண்டியன்பட்டினத்துக்கிட்ட வேகத்தடையில பஸ் ஏறி இறங்குச்சு பாரும், அப்ப மட்டும் பாட்டு ஒரு துள்ளு துள்ளிச்சாம். கர்ப்பிணிப் பொண்ணு சிரிச்சுட்டாளாம்."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. "ஆக, பாட்டு நிக்கல."

"நிக்கல அண்ணாச்சி. அதுகூடப் பரவால்ல. சாத்தான்குளத்துல ஒரு அறுபதாம் கல்யாணம். முன் வரிசையில ஒரு பெரியவரு, காதுல மெஷின் வச்சவரு. பன்னெண்டு வருஷமா ஒண்ணும் கேக்காது, மெஷின் சும்மா அலங்காரத்துக்கு. நான் புளூடூத்தைப் போட்டதும் அது அவரு காது மெஷின்ல போய் ஒட்டிக்கிச்சு. மனுஷன் எந்திரிச்சு நின்னு தாளம் போடுறாரு. பொண்டாட்டி அழுவுது, பிள்ளைங்க அழுவுது."

"காது வந்துட்டா?" என்றாள் ரெஜினா.

"வந்துட்டு. அதுதான் வினை. பாட்டு முடிஞ்சும் காது போகல. பக்கத்துல மருமக்கமாருங்க பன்னெண்டு வருஷமா அவரை வச்சுக்கிட்டே என்ன பேசிக்கிட்டு இருந்தாங்கன்னு அன்னைக்குத்தான் கேட்டாரு. மறுநாள் என்னைத் தேடி வந்து, 'தம்பி, பழையபடியே ஆக்கிரும்'ங்காரு."

"ஆக்குனீரா?"

"பேட்டரியைக் கழத்தி மனைவி கையில கொடுத்தேன். தேவைப்பட்டா போட்டுக்கிடுங்கன்னு."

ரெஜினா டீ டம்ளருக்குள் சிரித்தாள். கோமதிநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் காது மெஷினைக் கேக்கல தம்பி. பாட்டு நிக்குமா நிக்காதா?"

இந்த மனுஷன் இறங்கி வரமாட்டேன் என்கிறாரே என்று தனிஸ்லாஸுக்கு ஒரு ரோஷம் வந்தது. நாற்காலியை இன்னும் கிட்டே போட்டார்.

"துறைமுகத்துப் பக்கம் ஒரு கோயில் திருவிழா அண்ணாச்சி. இடைவேளைக்கு ஒரு குத்துப்பாட்டைப் போட்டேன். கரையில நின்ன கப்பல் ஒண்ணு அதைப் பிடிச்சிட்டு. உப்பு ஏத்திக்கிட்டு இருந்த கப்பல். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு தாளத்துக்கு ஆடுது. ஏத்துன மூட்டையெல்லாம் தன்னால இறங்கி கரைக்கு வந்துட்டு. கேப்டன் மேல நின்னு கையெடுத்துக் கும்பிடுறான், 'ஐயா, மெல்லிசு பாட்டா ஒண்ணு போடுங்க'ன்னு."

"எந்த நாட்டுக் கப்பல்?" என்றார் பாகம்.

"ஆடுன ஆட்டத்துல கொடி கழண்டு தண்ணியில போயிட்டு வே. நான் எதை வச்சு நாடு சொல்ல?"

"அந்தக் கேப்டன் தமிழ்லயா கும்பிட்டான்?"

"கும்பிடுறதுக்கு என்ன பாஷை? சரி, நீரு நம்பமாட்டீரு. அம்பாசமுத்திரத்துல எத்தனையோ பேரு நம்புனாங்க. எட்டயபுரத்துல ஒரு கல்யாணம், மண்டபத்துக்கு மேல கருமேகம். நான் போட்ட பாட்டு அந்த மேகத்துல ஏறிக்கிச்சு. இங்க மழை பெய்யல. மேகம் அப்படியே மேற்க நகந்து, ஆறு நாள் கழிச்சு அம்பாசமுத்திரத்துல பெய்யுது. தகரக் கூரையில விழுந்த மழை பூராவும் அதே பாட்டு. பல்லவி தூத்தல், சரணத்துக்கு நல்ல மழை. மூணாவது சரணம் முடியுற இடத்துல சரியா ஒரு இடி."

"என்ன ராகம்?"

"நனைஞ்ச பிறகு ராகம் எங்க வே தெரியும்?"

கோமதிநாயகம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "தம்பி, கப்பலு, மேகம் எல்லாம் இருக்கட்டும். இந்த மண்டபத்துல பந்தி கீழ நடக்கும். கீழ நீங்க சாப்பிட உக்காந்தா, மேல பாட்டு நிக்காம ஓடுமா?"

"தலைகீழா நின்னு சாப்பிட்டாலும் ஓடும்."

"அப்ப இடைவேளையில என்கூட வாங்க. சேந்து சாப்பிடுவோம். நானும் பாத்துக்கிடுதேன்."

ரெஜினா தனிஸ்லாஸைப் பார்த்தாள். தனிஸ்லாஸ் வடையைப் பார்த்தார்.

ஆறரைக்குக் கச்சேரி ஆரம்பித்தது. ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை பூபாலன் மிக்சர் பக்கம் வந்தான். மேடை ஏறும்போது ஓட வேண்டிய நாயன இசை அவன் போனில் இருந்தது. தனிஸ்லாஸ் அவன் போனையும் மிக்சரோடு இணைத்து அதை ஓடவிட்டார். பூபாலனும் பெண் சங்கரவடிவும் அந்த நாயனத்தோடு மேடை ஏறி, இரண்டு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்றுதான் ஒருவரை ஒருவர் முதல்முதலாகப் பார்த்தவர்கள் என்று பேச்சு. "மேட்ரிமோனியும் கிடையாது, தரகரும் கிடையாது. இந்த வரனைத் தேடிப் பிடிச்சது நான்தான்" என்று கோமதிநாயகம் வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு இடைவேளை. தனிஸ்லாஸ் தன் போனில் பாட்டைத் தட்டினார். சுத்தமாக வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோமதிநாயகத்தின் பின்னால் படியிறங்கினார். பத்துப் படி, பாட்டு ஓடியது. இருபது படி, ஓடியது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை முன் உட்காரும்போதும் மேலே இருந்து கேட்டது. 'நாம சொல்றது சில நேரம் நிசமாயிரும் போல' என்று தனிஸ்லாஸுக்கே ஓர் ஆச்சரியம்.

"பாத்தியளா அண்ணாச்சி."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். தலை ஆடி நிற்பதற்குள் பாட்டு நின்றது.

தனிஸ்லாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். அவர் போன் எட்டாமல் போனதும், மிக்சர் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் தனக்குத் தெரிந்த இன்னொரு போனைத் தேடிப் பிடித்தது. மேடையில், மாப்பிள்ளையின் கோட்டுப் பையில் இருந்தது அது. பிடித்ததும், நாயனத்துக்கு அடுத்து, அவன் தனியாகக் கேட்பதற்கு வைத்திருந்தது எதுவோ அது ஓட ஆரம்பித்தது.

படியேறும்போதே தனிஸ்லாஸ் காதில் விழுந்தது. ஒரு பெண் குரல். சளி பிடித்த தொண்டையில் பிறந்தநாள் வாழ்த்துப் பாடியது. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பாடி முடித்து, சிரித்து, அது சொன்னது: "இதோட நாலாவது பிறந்தநாள் பாட்டு. நாலு வருஷமா நானும் இப்படியேதான் பாடுறேன், நீயும் நல்லாருக்குன்னே சொல்ற."

அவர் மிக்சரை எட்டி, சத்தத்தைக் குறைக்கிற ஃபேடரைக் கீழே இழுத்தார். மண்டபம் கப்சிப். ஐந்நூறு பேரில் பெண் வீட்டார் அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பூபாலன் வெளுத்துப் போயிருந்தான். சங்கரவடிவின் தலை மாலைக்குள் புதைந்திருந்தது. மூன்று மாதப் பழக்கத்தில் நாலு பிறந்தநாள் எப்படி வரும் என்று கணக்குப் பார்க்கப் பெண் வீட்டுக்கு இன்னும் ஒரு நிமிஷம் போதும். முன் வரிசையில் கோமதிநாயகத்தின் அத்தை வாயைத் திறந்தது.

ஆயுசில் எத்தனையோ புளுகியிருக்கிறார் தனிஸ்லாஸ். எதையும் மைக்கில் சொன்னதில்லை. இப்போது மைக்கை எடுத்தார்.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். இப்பக் கேட்டது என் குரல். பொம்பளக் குரல்ல பாடுறது எனக்குப் பழக்கம். எங்க அக்கா பேரனுக்கு நாலாவது பிறந்தநாள். அந்தப் பய பிறந்ததுல இருந்து அவனுக்கு இந்தக் குரல்ல பாடுனாத்தான் பிடிக்கும். அவனுக்குப் பாடி அனுப்புனது தவறி இங்க வந்துட்டு."

 காப்பியோடு மேடையேறிய பாகம் தன் மைக்கில், "ஆமா, இவரு இப்படித்தான். எங்க கச்சேரியில ரெண்டு தடவை ரெஜினாவுக்குப் பதிலா இவருதான் பாடியிருக்காரு" என்றார். எட்டு வருஷத்தில் தனிஸ்லாஸ் சொன்ன ஒன்றை அவர் ஒத்துக்கொண்டது இதுதான் முதல். ரெஜினா தன் பங்குக்கு, "என்னைவிட நல்லாப் பாடுவாரு" என்றாள். மண்டபம் சிரித்தது. அத்தையும் சிரித்தது. சிரிப்புக்குள் யாரோ குழந்தைகள் கை தட்டினார்கள். தனிஸ்லாஸ் தன் போன் பாட்டை மறுபடி ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேடையில் இருந்து பூபாலன் அவர் பக்கம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையைத் தாழ்த்தினான்.

கோமதிநாயகம் மேலே வந்து சேர்ந்தார். மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சங்கரவடிவுக்கு மூன்று வயதில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முயன்று, சுருதி சேராமல் கைவிட்டவர் அவர். பிறகு மிக்சர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அது உங்க குரலா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்கு எனக்குச் சளி."

"சுருதியே சேரல."

"சின்னப் பிள்ளைக்குத்தானே, போதும்னு விட்டுட்டேன்."

கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மேடையில் இரண்டு முழ இடைவெளி ஒரு முழமாகியிருந்தது. அதையும் பார்த்தார்.

"நாலு வருஷம்" என்றார் மெல்ல. "நான் என்னமோ நானே அலைஞ்சு பிடிச்ச வரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

  கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி. ரெண்டாவது இடைவேளைக்குப் போன் வேண்டாம். நீங்களே பாடிருங்க. அதே குரல்ல."

"பாடிருவேன் அண்ணாச்சி. அதுல என்ன. ஒண்ணே ஒண்ணுதான். சாப்பிட்டாச்சுன்னா எனக்கு ஆம்பளக் குரல்தான் வரும்."

"இலையில கையே வைக்கலையே நீங்க, எந்திரிச்சு ஓடியாந்துட்டிய" என்ற கோமதிநாயகம், மேசையில் இருந்த மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.