மாப்பிள்ளைக் குதிரைக்குச் சேணம்

ஊத்துப்பட்டியில் வீரணன், சப்பாணி, ஒச்சப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். ஊருக்கு அதுதான் பயம்.

அவர்களுடைய அக்காள் மகன் ராசாங்கத்துக்குக் கல்யாணம் கூடியது. "குதிரையிலதான் மண்டபத்துக்குப் போவேன், மாமா. மேற்கத்திய சேணமா இருக்கணும். முன்னால பிடிச்சுக்கக் குமிழ் இருக்குமே, அது. இல்லேன்னா தாலி கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

தாய்மாமன் மரியாதை ஆயிற்றே. குதிரையை வாடகைக்குப் பிடித்தார்கள். சேணம் மேற்கத்தியது என்பதால் மேற்கே பார்த்து நடந்தார்கள். நல்லவேளையாகக் கடையும் அந்தப் பக்கமே இருந்தது.

கடைக்காரர் காதர் பாய் நிதானமானவர். "குதிரை முதுகுல கம்பியை வளைச்சு எடுங்க. வளைவு மாறாமக் கொண்டு வாங்க, அதுக்குத் தக்க சேணம் தர்றேன். ஆனா சேணம் பொருந்துன முதுகுல மட்டும்தான் ஆள் ஏறணும். பொருந்தாததுல ஏறினா மாப்பிள்ளை மண்ணுலதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கம்பியை வளைத்தாயிற்று. வளைவு மாறாமல் எப்படிக் கொண்டுபோவது?

"கையில பிடிச்சா நசுங்கிரும்" என்றார் வீரணன்.

"இவ்வளவு நேரம் ஒரு முதுகுலதானே இருந்துச்சு? இன்னொரு முதுகுல வச்சா அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் சப்பாணி.

ஒச்சப்பன் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து கைகளைத் தரையில் ஊன்றினார். நழுவாமல் இருக்க, அண்ணன்கள் கம்பியை அவர் முதுகோடு சேர்த்து நன்றாக அழுத்திவிட்டார்கள். அப்படியே வேனில் ஏற்றிப்போய், கடை வாசலில்தான் கழற்றினார்கள்.

"இவ்வளவு சின்ன உருப்படியா?" என்றார் பாய்.

"எங்க வீட்டுல இதுதான் கடைசி" என்றார் வீரணன்.

மட்டக்குதிரை போலிருக்கிறது என்று பாய் சின்னச் சேணம் ஒன்றைக் கொடுத்தார். "வாரை இறுக்கும்போது அடியில ரெண்டு விரல் இருக்கணும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தன்று சேணத்தைக் குதிரைமேல் வைத்தால், பெரிய ஆள் தலையில் குழந்தைத் தொப்பியை வைத்தது போல ஆடியது. முகூர்த்தம் நெருங்குகிறது. ராசாங்கம் பட்டு வேட்டியோடு நிற்கிறான். மாமன்மார் மூவருக்கும் வேர்த்துவிட்டது.

"சேணத்துல குறையில்ல. முதுகுலதான் குறை" என்றார் வீரணன்.

ஒச்சப்பன் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. சப்பாணி வாரை இறுக்கி, அடியில் தன் இரண்டு விரல்களைச் செருகிக்கொண்டார்.

"மாமா, இது குதிரை இல்லையே" என்றான் ராசாங்கம்.

"குதிரையும் கூடவேதான் வருது, மாப்ளே."

ராசாங்கம் யோசித்தான். குமிழ் இருந்தது. ஏறிக்கொண்டான்.

மேளம் முன்னே போக, மாலை போட்ட குதிரை பின்னே வர, ஊர்வலம் மண்டபத்தை அடைந்தது. வாசலில் இருந்த காவலாளி வெற்றிலை மடித்தபடி தலை நிமிராமல் சொன்னார்: "மாப்பிள்ளை இறங்கி மணவறைக்குப் போங்க. ஏறி வந்ததை வேப்பமரத்துல கட்டிக் கொள்ளு வைங்க. கூட வந்தவங்க பந்திக்குப் போகலாம்."

அப்படியே செய்தார்கள். உள்ளே தாலி கட்டியாயிற்று. பந்தியில் குதிரைக்குத் தலைவாழை இலை போட்டார்கள். அது முதலில் இலையைத் தின்றது.

வெளியே வேப்பமரத்தடியில் ஒச்சப்பன் கொள்ளை மென்றுகொண்டிருந்தார். விரலை எடுக்க யாரும் சொல்லாததால் சப்பாணியும் பக்கத்திலேயே நின்றார். வீரணன் வந்து, "எல்லாம் திருப்திதானே?" என்று கேட்டார்.

"கொள்ளுல உப்புப் பத்தல, அண்ணே" என்றார் ஒச்சப்பன். "குதிரை இலையில ஊறுகாய் மிச்சமிருந்தா, அது மனசு நோகாமக் கேட்டு வாங்கிட்டு வாங்க."