மேலத்தெருவிலிருந்து வந்த தட்டு

கருங்குளத்தூர் அம்மன் சன்னிதியில் உடைக்கும் தேங்காய்க்குக் குடுமி இருக்கலாமா, கூடாதா? இருந்தே ஆக வேண்டும் என்றது மேலத்தெரு. சுத்தமாகக் களைந்த பிறகே தட்டில் ஏற்ற வேண்டும் என்றது கீழத்தெரு. வீட்டு விசேஷங்களில்கூட இரு தெருவும் தத்தம் முறையை விட்டதில்லை. சிரிக்க வேண்டாம், வழக்குக்கு வயது பதினெட்டு.

முன்பு விசாரித்த நீதிபதி ஒரு திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டார். மறுநாளே விலைபோனவர் என்று பேர் வாங்கினார். அதனால், பின்னால் வந்த நீதிபதி தமயந்தி அந்தக் கோயில் வாசலை மிதித்ததே இல்லை. கோயில் பூசை முறைகளைக் குறித்த பழைய படித்தர ஏட்டில் ‘குடுமியுடன்’ என்று தெளிவாக இருந்தது. மேலத்தெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதி, வீட்டு மேசையில் பூட்டி வைத்தார்.

தீர்ப்பு நாள் காலை, நீதிமன்ற டவாலி சவரிமுத்து ஒரு தாம்பாளத்தோடு அவர் வீட்டுக்குள் வந்தார். பட்டு, பழம், வெற்றிலை, மொட்டையாக இரண்டு தேங்காய்.

“மேலத்தெரு தர்மகர்த்தா கொடுத்தனுப்பினாராம் அம்மா.”

“யார் கொண்டுவந்தது?”

“யாரோ ஆட்டோக்காரன். தர்மகர்த்தா பேரை மூணு தடவை கத்திச் சொல்லிட்டு, வாசப்படியில வச்சுட்டுப் போயிட்டான். எதிர்வீட்டு மாடியிலகூட ஆளுங்க நின்னு பார்க்கறாங்க.”

தமயந்தி யோசித்தார். எழுதியபடி வாசித்தால் தட்டு வாங்கியவள் என்று ஊர் சொல்லும். மாற்றி வாசித்தால் நேர்மையானவள் என்று மெச்சும். ஆனால் அது பொய்த் தீர்ப்பு. அது சரி, தீர்ப்பு வெளியே கசிந்தது எப்படி? மேசையைத் திறந்தது யார்? சவரிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னை ஏம்மா அப்படிப் பார்க்கறீங்க? நான் மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு மெழுகுவத்தி போதும், தேங்காய்ச் சண்டையே வேண்டாம்.”

தமயந்தி மறுபடி தட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

வாசகரே, தட்டை அனுப்பியது எந்தத் தெரு? தமயந்தி எந்தத் தீர்ப்பை வாசிப்பது சரி?

விடை: கீழத்தெருதான். குடுமி இல்லாத தேங்காயைத் தட்டில் வைக்க மேலத்தெருக்காரர் கை கூசும். கீழத்தெருக்காரருக்கோ களைந்தே பழக்கம். எதிரி பெயரில் அனுப்பும்போதும் பழக்கம் முந்திக்கொண்டது. தீர்ப்பு எதுவும் கசியவில்லை, கசியவும் தேவையில்லை. நீதிபதி மிரண்டால் கீழத்தெருவுக்கு வெற்றி. மிரளாவிட்டால் அவருக்குப் பழி. தமயந்தி தட்டை நீதிமன்றத்தில் எல்லோரும் பார்க்க வைத்து, அது வந்த விதத்தைப் பதிவில் ஏற்றி, எழுதிய தீர்ப்பை ஒரு சொல்லும் மாறாமல் வாசித்தார். அதுவே சரி. மறுநாள் டீக்கடையில், பழியைக் கீழத்தெரு மேல் போடக் குடுமியைக் களைந்ததே நீதிபதிதான் என்று பேசிக்கொண்டார்கள்.