முன் சக்கரத்துக்கு எட்டுக் கம்பி குறைந்த கதை

சக்கரங்கள் வாய் ஓயாமல் பேசிய காலம் அது. கோழிகூட சைக்கிள் ஓட்டும். ஊரின் ஒரே சைக்கிள் கடை சிலந்தி வீராயியுடையது. சக்கரத்துக்குக் கம்பி கோப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அப்போதெல்லாம் முன் சக்கரத்துக்கு நாற்பது கம்பி, பின் சக்கரத்துக்கும் நாற்பது. அதுதான் சமத்துவமாம்! சரி, பாரத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்களா? அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு மழைநாளில், ஏரிக்கரை உடையப் போகிறது என்று சேதி வந்தது. செங்கமலம் என்ற கோழி தன் பன்னிரண்டு முட்டைகளைக் கூடையில் அடுக்கினாள். குஞ்சுகள் பிறந்தால் தின்ன வேண்டாமா? ஒரு கம்பு மூட்டையையும் சேர்த்துக் கேரியரில் கட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கு மிதித்தாள். வீராயி கடை வாசலில் 'டப் டப்' என்று பின் சக்கரத்தில் எட்டுக் கம்பிகள் அறுந்தன.

"அக்கா, சீக்கிரம்! தண்ணி பின்னாடியே வருது!"

"கடையில ஒரு கம்பி கூட இல்லையேடி" என்ற வீராயியின் பார்வை முன் சக்கரத்தின் மேல் விழுந்தது.

"என்னைப் பாக்காத!" முன் சக்கரம் சிலிர்த்தது. "ஒண்ணு குறைஞ்சாலும் நான் மட்டமாயிடுவேன். அவளும் நானும் சமம்."

"சமமா?" பின் சக்கரம் வெடித்தது. "சீட்டு என் மேல, மூட்டை என் மேல, செயின் இழுக்கிறதும் என்னைத்தான். மகாராணி நீ காத்து வாங்கிக்கிட்டு முன்னாடி போற!"

"நான் இல்லாம நீ திரும்பிடுவியா?"

"நீ ஒரு நாள் மூட்டை சுமப்பியா?"

அப்போது கூடைக்குள் ஒரு முட்டை 'கீச்' என்றது. சண்டை நின்றது. வாசலைத் தண்ணீர் தொட்டது.

"எடுத்துக்கோ" என்றது முன் சக்கரம். "ஆனா நான் கோணினா உன்னைத்தான் கேப்பேன், வீராயி."

எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. வீராயி எட்டுக் கம்பிகளைக் கழற்றிப் பின் சக்கரத்துக்குக் கொடுத்தாள். மீதி முப்பத்திரண்டைச் சம இடைவெளியில் கோத்தாள். கம்பி குறைந்தால் இறுக்கம் கூட வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றையும் சுண்டிக் கேட்டு, எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை முறுக்கினாள்.

செங்கமலம் பறந்தாள்.

"அடியே, உடம்பு எவ்வளவு லேசா இருக்கு!" முன் சக்கரம் வழியெல்லாம் கூவியது. மேட்டுக்காட்டில் பன்னிரண்டு குஞ்சுகளும் பொரிந்தன.

வெள்ளம் வடிந்த மறுநாள் வீராயி கடையில் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இது: பாரம் ஏற்றும் சைக்கிளில் முன்னே வழி காட்டுகிறவளுக்கு முப்பத்திரண்டு கம்பி, பின்னே சுமக்கிறவளுக்கு நாற்பது.