மானிட்டர் யார் கட்சி?

“லினக்ஸ் மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும் டீச்சர்.”

கேட்டவர் பொன்னுத்துரை. பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். ஐம்பத்தைந்து வயது.

கேட்கப்பட்டவர் ரூபாவதி. அவரைவிட இருபது வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லினக்ஸ் என்கிற இலவசக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தைச் சொல்லிக்கொடுப்பவர்.

“என்னாச்சு அண்ணாச்சி?”

“மானிட்டர் அணைஞ்சு அணைஞ்சு போகுது. பத்திரிகை பாக்க வந்தவங்க எதுர்லயே அணையுது. எம் மச்சினன் லினக்ஸ அழிச்சிட்டுப் பழைய சிஸ்டத்தப் போடப்போறேங்கான்.”

“போடட்டுமே.”

“விடமாட்டேன்! எட்டாங்கிளாஸத் தாண்டாதவன் நான். இந்த வயசுல நானாப் படிச்சு, நானாப் போட்டது அது. அதுல கை வைக்க எவனையும் விடமாட்டேன்.”

சொல்லும்போது குரல் உடைந்தது. அது கோபத்தினால்தான் என்று பிற்பாடு சாதித்தார்.

ரூபாவதி அவருடைய அச்சுக்கடைக்கு வந்தார்.

மச்சினன் தங்கபாண்டி கடையில் பாதிப் பங்குக்காரன். தன் லேப்டாப்பை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

“இன்னைக்கு ஒரு தடவ அணைஞ்சாலும் அழிச்சிருவேன் டீச்சர். அத்தான்கிட்ட சொல்லிட்டேன்.”

ரூபாவதி கம்ப்யூட்டரில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். திரையைத் தூங்கவைக்கிற எல்லாவற்றையும் பொன்னுத்துரை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். போதாததற்கு, இணையத்தில் கண்ட கட்டளைகளையெல்லாம் ஏற்றியிருந்தார்.

“தூங்காதேன்னு சொல்றதுக்கு இனிமே இதுல இடமே இல்ல அண்ணாச்சி.”

சொல்லி வாய் மூடவில்லை, மானிட்டர் அணைந்தது.

தங்கபாண்டி எழுந்தான்.

பொன்னுத்துரை கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

“என்னத் தாண்டிப் போ பாப்போம்.”

ரூபாவதி இருவரையும் கண்டுகொள்ளவில்லை.

“இந்த மானிட்டர தம்பியோட லேப்டாப்ல மாட்டிப் பாத்தீங்களா?”

“அதுலயா? அது அவன் சிஸ்டம். என் மானிட்டர் அதத் தொடாது.”

ரூபாவதி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். செருப்பைத் தேடினார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“நான் பழுது பாக்க வந்தேன் அண்ணாச்சி. கட்சி கட்ட வரல.”

பொன்னுத்துரை மானிட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்பேர் தெரியாத ஆட்கள் எழுதிவைத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிய மனுஷன். ஒரு கேபிளைக் கழற்றி மாட்ட மனசு வரவில்லை.

கடைசியில் கழற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பில் மாட்டினார்.

மானிட்டரில் படம் வந்தது.

“பாத்தீங்களா அத்தான், எப்படிப் பளிச்சுனு இருக்கு!” தங்கபாண்டி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

டீ வந்தது. ரூபாவதி மட்டும் குடித்தார்.

மானிட்டர் அணைந்தது. லேப்டாப்பின் திரை அதன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பொன்னுத்துரை குதித்தார். மகளுக்கு வரன் அமைந்த அன்றுகூட அவர் அப்படிக் குதித்ததில்லை.

“அழிப்பேன்னியே! அழி மாப்ள! மொதல்ல ஒன் லேப்டாப்ப அழி!”

தங்கபாண்டியின் கால் ஆடுவது நின்றது.

“இப்பச் சொல்லுங்க டீச்சர். லினக்ஸ் மேல தப்பு இல்லதான?”

“இல்ல.”

“ஜெயிச்சிட்டோம்லா!”

“ஜெயிச்சாச்சு” என்றார் ரூபாவதி. “மானிட்டர்ல படம் தெரியுதா?”

பொன்னுத்துரை மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார். இருட்டாகத்தான் இருந்தது.

வாசலில் ஒரு குடும்பம் பத்திரிகை மாதிரி பார்க்க வந்து நின்றது.

அவர் மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டார். கரண்டு வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மேஜைக்கடியில், அவரே அடுக்கி வைத்திருந்த பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே போயிற்று. இடுக்கில் விரலை நுழைத்து அடாப்டரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது.

விரலை ஊதிக்கொண்டே கட்டுகளைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு முனையைப் பிடித்தார்.

“மாப்ள, அடாப்டர் காத்தில்லாமச் சூடாகித்தான் அணைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் வந்து தூக்கு” என்றார். “லினக்ஸ்ல மட்டும் கை வச்சிராத.”