ஏழாம் நம்பர் செய்த தப்பு

"ஆறு மாசமா உருப்போட்டது அத்தனையும் ஒரே நாள்ல குப்பையாப் போச்சு. இதுக்கு என்ன பதில் சொல்றே டீச்சரு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கத்தினார் உக்கிரபாண்டி. கீழே டயர் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வந்து கத்துங்கண்ணே" என்றாள் ஜெசிந்தா.

விட்டுவிட்டு வந்து கத்தினார்.

"நானூறு கேள்வி. நானூறுக்கும் பதில். எந்த மூலையில நிறுத்திக் கேட்டாலும் சொல்லுவேன். இப்ப என்னடான்னா பரீட்சையையே மாத்திட்டானாம். கேள்வி பதில் பாதிதானாம், மீதியைச் செஞ்சு காட்டணுமாம். சந்தைக்கு மாட்டை ஓட்டிட்டு வந்து நின்னப்புறம், இன்னைக்கு ஆட்டுச் சந்தைன்னு சொன்னா என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைதான்."

"பின்னே?"

"பரீட்சை என்னைக்கு?"

"பதினெட்டு."

"பன்னெண்டு நாள் கிடக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

உக்கிரபாண்டிக்கு நாற்பத்தாறு வயது. ஏணியில் ஏறி, கூரைக்குள் தவழ்ந்து, எலி கடித்த வயரைப் பல்லால் உரித்துத் தொழில் படித்தவர். திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருஷமாக நூற்று நாற்பது சுவிட்ச் பெட்டிகள் அவர் பொறுப்பு. லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. ஆலையில் உள்ள கம்ப்யூட்டர், கேமரா, மெஷின் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற பெட்டி. பெட்டி பெட்டியாகப் போய்க் கையால் தட்டித் தட்டித்தான் இத்தனை காலமும் ஓட்டினார்.

புது மேனேஜர் வந்தார். "இனிமே ஒரு இடத்துல உக்காந்து, ஒரு புரோகிராம் எழுதி, நூத்து நாப்பதுக்கும் ஒரே தட்டுல உத்தரவு போடணும். அந்த நெட்வொர்க் ஆட்டோமேஷன் சர்டிபிகேட் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை.

"இருபதாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். அதுக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா சென்னைக் கம்பெனிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

உக்கிரபாண்டியிடம் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஆறு வீட்டு அடுப்பும் அந்த ஆலையை நம்பித்தான் எரிந்தது.

ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. மதுரை பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேலே ஒரு ஹால் பிடித்து இந்தப் பாடத்தை நடத்துகிறாள். நீள மேசையில் பத்து சுவிட்ச் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் நம்பர் ஒட்டியிருந்தாள். அவளிடம் படித்தவர்கள் தோற்றதில்லை என்று ஊருக்குள் பேச்சு. அவள் வாயைத் திறந்து பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை என்றும் பேச்சு.

"புதுப் பாடம் மொத்தம் எத்தனை?" என்றார் உக்கிரபாண்டி.

"பதினாலு."

"பதினாலெல்லாம் ஆகாது. மூணு சொல்லிக்குடு."

"ஒண்ணு போதும்ணே."

உக்கிரபாண்டி முகத்தைச் சுருக்கினார். கேட்டதற்கும் கீழே தானாக இறங்கி வருகிற ஆளிடம் ஏதோ சூது இருக்கும். அது அவர் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

"சரி, அந்த ஒண்ணைச் சொல்லு."

"ஆலையில புதுக் கேமரா வருதுன்னு வெச்சுக்கங்க. பத்துப் பெட்டியிலயும் கேமராவுக்குன்னு தனிப் பாதை ஒதுக்கணும். புரோகிராம் எழுதுங்க. பரீட்சையில திருத்துற மாதிரியே இந்தக் கம்ப்யூட்டர் திருத்தும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தார். அவரைப் போலவே இருந்தது புரோகிராம். கதவை உதைத்துத் திறக்கும். பழசை அழிக்கும். புதுசை எழுதும். அடுத்த பெட்டிக்குப் போகும். கேள்வி கிடையாது, பேச்சு கிடையாது.

ஓட்டினார். ஒன்றிலிருந்து பத்துவரை விளக்குகள் வரிசையாக அணைந்து வரிசையாக எரிந்தன. பார்க்க ஜோராக இருந்தது.

திரையில் எழுத்து வந்தது.

பத்துப் பெட்டியும் சரி.

முடிவு: தோல்வி.

"என்னம்மா இது! சரின்னும் அவனே சொல்றான், தோத்துட்டேன்னும் அவனே சொல்றான்! பொண்ணு புடிச்சிருக்கு, கல்யாணம் வேணாங்கிற மாதிரியில்ல இருக்கு?"

ஜெசிந்தா எழுந்து வந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். விரலில் காயம் பட்டால் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றை எடுத்தாள். பிரித்து, ஏழாம் நம்பர் பெட்டியின் மேல் ஒட்டினாள்.

"அண்ணே, ஏழாம் நம்பர் என்ன தப்பு பண்ணுச்சு?"

கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

மறுநாள் காலை அவர் வந்தபோது பத்துப் பெட்டிகளையும் அவள் முதல் நாள் இருந்த நிலைக்கே திருப்பி வைத்திருந்தாள். தினமும் அப்படித்தான் வைப்பாள்.

உக்கிரபாண்டி நேராக ஏழிடம் போனார். கேபிளைப் பிடுங்கிப் புதுக் கேபிள் மாட்டினார். புரோகிராமை ஓட்டினார்.

பத்தும் சரி. தோல்வி.

இன்னொரு பிளாஸ்திரி.

மூன்றாம் நாள் ஏழுக்கு மட்டும் தனி பிளக் கொடுத்தார். நான்காம் நாள் புரோகிராமை இரண்டு மடங்கு வேகமாக்கினார். விளக்குகள் பட்டாசுச் சரம் மாதிரி அணைந்து எரிந்தன.

"இப்ப பாரு டீச்சரு!"

பத்தும் சரி. தோல்வி.

ஏழின் தலையில் நாலு பிளாஸ்திரி. கோயில் திருவிழாவில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, நீ டீச்சரா, நர்ஸா?"

"தினமும் அடி வாங்குதுல்லண்ணே. பாவமா இருக்கு."

"எல்லாப் பெட்டியும்தான் அணைஞ்சு எரியுது! அழிச்சு எழுதுனா ஒரு நொடி அணையத்தான் செய்யும். அது ஊர் உலக வழக்கம்."

"மத்த ஒம்பதுக்கு அது தேவைதான்."

"ஏழுக்கு மட்டும் என்னவாம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஏழு என்ன தப்பு பண்ணுச்சு?"

உக்கிரபாண்டி நாற்காலியை அவள் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார். பேரத்துக்கு உட்காருகிற உட்கார்தல்.

"இங்க பாரு. நான் முழுசாக் கேக்கலை. பாதி சொல்லு. மீதியை நானே கண்டுபிடிச்சுக்கிறேன்."

"பாதி சொல்லிட்டேன்ணே."

"கால்வாசி?"

"அது பாதியை விடக் கம்மிண்ணே."

"உன்கிட்ட மனுஷன் பேச முடியுமா?"

அந்த நேரம் பார்த்து ஆலை மேனேஜர் போன் செய்தார். உக்கிரபாண்டி ஜன்னல் பக்கம் போய், யாரிடமும் காட்டாத மெல்லிய குரலில் "ஆமா சார். தயாராயிட்டேன் சார். பதினெட்டுதான் சார்" என்றார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

எட்டாம் நாள் அவர் வேறு வழி பிடித்தார். புரோகிராமை ஓட்டி முடித்ததும், பத்துப் பெட்டிக்குள்ளும் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தார். ஏழையும் பார்த்தார், ஆறையும் பார்த்தார், எட்டையும் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒன்று போல இருந்தன.

மேசையைத் தட்டினார்.

"ஏழுல ஒரு தப்பும் இல்லை! சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன், ஒரு தப்பும் இல்லை!"

"ஆமாண்ணே. இல்லை."

"இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேவா எட்டு நாளாக் கேக்குறே?"

"இல்லைங்கிறதாலதான் கேக்குறேன்."

உக்கிரபாண்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஏழின் மேலிருந்த எட்டு பிளாஸ்திரியையும் ஒவ்வொன்றாக உரித்தார். மூடியைக் கழற்றினார். "உள்ளுக்குள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து குத்தினார்.

கரண்ட்டை அணைக்க மறந்திருந்தார்.

ஒரு சின்னப் பொறி. அப்புறம் ஒரு கருகல் வாடை.

ஏழாம் நம்பர் செத்துப்போயிற்று.

உக்கிரபாண்டி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். பிறகு மறுபடி வைத்தார்.

"நானே வேற வாங்கித் தந்துடறேன்மா."

"வாங்கண்ணே, சேர்ந்தே போவோம்" என்றாள் ஜெசிந்தா. "எனக்கும் கொஞ்சம் வெயில் பட்ட மாதிரி இருக்கும்."

பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற தெருவில் சிக்கந்தர் பாய் கடை. கூரை வரைக்கும் பழைய பிரிண்டரும் டிவியும் சுவிட்ச் பெட்டியும் ஏறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே பாய் மட்டும் உட்காருவதற்கு ஒரு பள்ளம்.

"வாங்க டீச்சர். வாங்க பாண்டிண்ணே. என்ன, ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்து வந்தா என் கடை தாங்குமா?"

உக்கிரபாண்டி பேச்சுக்கு ஆயத்தமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டார். இந்தத் தெருவில் அவர் பேரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. எட்டு நாளாகத் தோற்ற மனுஷனுக்கு இங்கேயாவது ஜெயிக்க வேண்டியிருந்தது.

அவர் ஒரு கையைத்தான் மடித்திருந்தார். அதற்குள் ஜெசிந்தா அடுக்கிலிருந்து ஒரு பெட்டியைக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

"பாய், இதுக்கு மூவாயிரம் தர்றேன். சரியா?"

சிக்கந்தர் பாய் கண்ணைச் சிமிட்டினார். உக்கிரபாண்டியைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

"டீச்சருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? போன தடவை என்னை அழ வெச்சுட்டுல்ல போனீங்க?"

உக்கிரபாண்டியின் காதில் அது ஏறவே இல்லை. பாய்ந்து பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் சாக்பீஸால் எழுதியிருந்தது.

ஆயிரத்து நானூறு.

"அல்லாவே" என்றார் பாய். "அதைப் போய் எல்லாருக்கும் காட்டாதீங்கண்ணே. கட்டுப்படி விலைன்னு எனக்காக எழுதி வெச்சது."

உக்கிரபாண்டி திரும்பினார். தெருவில் போன சைக்கிள்காரர் நின்றுவிட்டார்.

"ஏம்மா! அறிவிருக்கா உனக்கு? ஊருக்கெல்லாம் பாடம் சொல்றே! எடுத்த எடுப்புல வாயைத் திறந்துடறதா? முதல்ல என்ன செய்யணும்? கவுத்துப் பாக்கணும்! அங்க என்ன இருக்குன்னே தெரியாம, நீயா ஒண்ணை மனசுல கட்டிக்கிட்டுப் போய் அது தலையில இறக்கிடறதா?"

"அவசரப்பட்டுட்டேன்ணே."

"என்ன அவசரம்? பாக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி! பாத்தா தெரியும்ல, இவன் எதுல இருக்கான்னு? நமக்கு வேணும்கிற இடத்துலயே ஏற்கெனவே அவன் நின்னுக்கிட்டிருந்தா, அப்புறம் அவன்கிட்ட நமக்கு என்ன பேச்சு? கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும்! வழியில வராதவனைத்தான் தட்டி வழிக்குக் கொண்டு வரணும். சரியா இருக்கிறவனைப் போய் எவளாவது தொடுவாளா? நல்லா இருக்கிறதைப் போய் எதுக்கும்மா அழிச்சுட்டு மறுபடி அதையே எழு..."

பேச்சு நின்றுவிட்டது.

வாய் திறந்தபடியே இருந்தது. பெட்டி கையில் தலைகீழாக இருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"பாண்டிண்ணே?" என்றார் சிக்கந்தர் பாய். "தண்ணி கிண்ணி குடிக்கிறீங்களா?"

உக்கிரபாண்டி பெட்டியை மெதுவாக, மிக மெதுவாக, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மேசையில் வைத்தார். "ஏழு... அதுல கேமராப் பாதை முன்னாடியே இருந்திருக்கு" என்று முனகினார். அவர் கை தோளில் தொங்கிய லேப்டாப் பையின் ஜிப்பைத் தேடியது.

ஜெசிந்தா ஒரு பழைய டிவியின் மேலிருந்த தூசியை ஊதிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என்றாள். "மிச்சத்தையும் திட்டுங்க."