குச்சியும் போனும் சேர்ந்து இருந்த அண்டா

பிரியாணிக்கு நல்ல கறியும் நல்ல கையும் போதும், மூளை எதற்கு என்று நம்பித்தான் ஆம்பூர் கபூர் மாஸ்டர் தன்னிடம் மதார், எத்திராஜ், பொன்னுரங்கம் மூவரையும் வேலைக்கு வைத்திருந்தார். அந்த நம்பிக்கை அவர் மகள் கல்யாணத்தன்று காலைவரை தாக்குப்பிடித்தது.

மாப்பிள்ளையின் அத்தா பெரிய வாய்க்காரர். "சமையல்காரர் வீட்டுச் சம்பந்தம், சாப்பாட்டையாவது பார்ப்போம்" என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மாஸ்டருக்கு நிக்காஹில் போய் உட்காரவும் வேண்டும், அண்டாவை விட்டுப் போகவும் மனமில்லை. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த, சூடு பார்க்கும் குச்சியைக் கறிக்குள் செருகி, மூடியை மாவால் ஒட்டி, தன் போனை மதாரிடம் கொடுத்தார்.

"கேளுடா. குச்சி 'இருக்கேன்'னு போனுக்குச் சொல்லிட்டே இருக்கும். சொல்லிட்டுக் கொஞ்சம் தூங்கும், பேட்டரி மிச்சமாகணுமில்ல? ஒண்ணு ரெண்டு தடவ சொல்லலேன்னா போன் பொறுத்துக்கும். ஆறு நொடி சத்தமே இல்லேன்னா, ஆளு போயிட்டான்னு கையை விட்டுடும். அப்ப போனைக் கிட்ட கொண்டு போ, மறுபடி ஒட்டிக்கும். போன்ல சூடு தொண்ணூறு காட்டினா நெருப்பை இழுத்துடு. எவனாவது அண்டாவைத் திறந்து பார்த்தீங்க, தோலை உரிச்சிடுவேன்!"

மதாருக்குத் தலைகால் புரியவில்லை. மூவரில் தன்னிடம்தானே போன்!

மாஸ்டர் போன கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. தொடர்பு அறுந்துவிட்டதாம். கனத்த செம்பு அண்டா, மேலே இறுக்கமான மூடி. உள்ளிருந்து குச்சி தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்குமா? மதாருக்கு அதெல்லாம் தெரியாது.

"கோவிச்சுக்கிச்சு," என்றான்.

"தூங்குதுடா," என்றான் பொன்னுரங்கம். "நான்கூட 'இருக்கேன்'னு சொல்லிட்டு அப்படித்தானே தூங்குறேன்." சொன்னவன் தூங்கியும்விட்டான்.

மதார் போனை அண்டாவோடு ஒட்டிப் பிடித்தான். ஊஹூம்.

"இன்னும் கிட்ட," என்றான் எத்திராஜ்.

"இதுக்கு மேல கிட்டன்னா உள்ளதான்."

"அப்ப உள்ள போடு."

"திறந்து பார்த்தா தோலை உரிப்பாரே!"

எத்திராஜ் தாடையைச் சொறிந்தான். "பார்த்தாதானே? கண்ணை மூடிக்கிட்டுத் திற."

மதாருக்குக் கண்ணீரே முட்டியது. இப்படியொரு அறிவாளி பக்கத்தில் இருக்க, வீணாகப் பயந்தோமே! இருவரும் கண்ணை இறுக மூடி, மூடியை நெம்பி, போனைத் தொப்பென்று உள்ளே போட்டு, மாவை மறுபடி பூசினார்கள்.

"இப்ப சூடு எவ்வளவுடா?" என்றான் எத்திராஜ்.

"குச்சிக்கும் போனுக்கும் தெரியும். அடுத்தவங்க பேசுறதை நாம எதுக்கு ஒட்டுக்கேக்கணும்?"

அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. தொண்ணூறை யாரும் பார்க்காததால் நெருப்பை யாரும் இழுக்கவில்லை.

கருகல் வாடை நிக்காஹ் கூடம்வரை போனது. மாஸ்டர் ஓடிவந்தார். பின்னாலேயே சம்பந்தியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"போன் எங்கடா?"

"உள்ளதான் மாஸ்டர். ரெண்டும் ஒத்துமையா இருக்கு."

மாஸ்டர் மூடியைத் திறந்தார். அடியில் சோறெல்லாம் கரி. மேலே போன் உப்பி, உருகி, பட்டை கிராம்போடு படுத்திருந்தது. குச்சி மட்டும் கல்லுக்குண்டாட்டம் நின்றது. அதன் தலையில் பச்சை விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

"மானம் போச்சே! என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்!" என்று மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாயா, இதுக்குப் பேரு பிரியாணியா?" என்று சம்பந்தி ஆரம்பித்தார்.

மதார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாக அவர் முன்னால் போய் நின்றான்.

"பாய், குறையெல்லாம் அப்புறம் சொல்லலாம். பாவம், குச்சி ஒண்டியா கத்திக்கிட்டிருக்கு. உங்க போனைக் கொஞ்சம் உள்ள போடுங்க."